பார்பர்டனில் தேறிய பருத்தி: தத்துப்பூச்சி எதிர்ப்பைக் களத்தில் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, அன்று டிரான்ஸ்வால் என்றும் இன்று முமலாங்கா என்றும் வழங்கும் மாகாணத்தில், வெப்பம் மிகுந்த தாழ்நிலத்தில் பார்பர்டன் என்ற ஊர் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் பருத்தி விதைத்தவர்கள் ஒரே மாதிரியான இழப்பைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அமெரிக்க வித்துகளிலிருந்து வந்த ரகங்கள் முளைத்து, கிளைத்து, சப்பை (பூமொட்டு) வைக்கும் வரை குறையின்றி வளர்ந்தன. அதன் பிறகு இலையின் ஓரம் வெளிறியது. விளிம்பு கீழ்நோக்கி மடங்கிச் சுருண்டது. மஞ்சள் மெல்லச் செங்கல் நிறமாக மாறி, கடைசியில் இலை முழுவதும் தீய்ந்து உதிர்ந்தது. இலையை இழந்த செடியால் சப்பையையும் பிஞ்சையும் தாங்க முடியவில்லை. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இது நோயாகவோ சத்துக் குறைபாடாகவோ தோன்றும். இலையைத் திருப்பிப் பார்ப்பவருக்குத்தான் காரணம் புலப்படும்.

இலையின் அடிப்புறத்தில், நரம்புகளை ஒட்டி, வெளிர்பச்சை நிறத்தில், ஆப்பு வடிவில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள தத்துப்பூச்சிகள் இருக்கும். கை பட்டதும் வளர்ந்த பூச்சி தத்திப் பறந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சுகள் நண்டைப் போலப் பக்கவாட்டில் விரைந்து நரம்பின் மறுபுறம் ஒளியும். இவை சாற்றை உறிஞ்சுவதோடு எச்சிலையும் திசுவுக்குள் செலுத்துகின்றன. உறிஞ்சப்படும் சாற்றைவிட அந்த எச்சில் விளைவிக்கும் கேடே பெரிது. இலை தீயில் வாட்டியதைப் போலக் கருகுவது அதனால்தான். ஆப்பிரிக்காவில் இதைச் செய்யும் இனத்தை அக்காலத்தில் எம்போயாஸ்கா ஃபேசியாலிஸ் என்று அழைத்தார்கள். இப்போது ஜகோபியெல்லா ஃபேசியாலிஸ் என்கிறார்கள். ஆசியப் பருத்தியில் இதே வேலையைச் செய்யும் உறவினம், முன்னிறகின் நுனியில் ஒவ்வொரு கரும்புள்ளி தாங்கிய அம்ராஸ்கா பிகுட்டுலா.

1921இல் பிரிட்டனில் தோன்றிய எம்பயர் காட்டன் குரோயிங் கார்ப்பரேஷன் பார்பர்டனில் பருத்தி ஆய்வு வேலையைத் தொடங்கி, எஃப். ஆர். பார்னெல் என்ற பயிர்ப் பெருக்க அறிஞரை அங்கே அமர்த்தியது. கோயம்புத்தூரில் நெல்லின் மரபியலை ஆராய்ந்து தேர்ந்தவர் அவர். தத்துப்பூச்சியை எதிர்க்கும் பருத்திகள் உண்டு என்பது அங்கே முற்றிலும் புதிய செய்தியாக இருக்கவில்லை. வொரல் என்பவர் 1923லேயே தென்னாப்பிரிக்க வேளாண் துறையின் இதழில் அதைப் பற்றி எழுதியிருந்தார். பார்னெல் 1924–25 பருவத்திலிருந்து அந்தக் கருத்தை வயலில் வைத்து, ஆண்டுக்கு ஆண்டு சோதித்து, விதையாக மாற்றினார். இந்த ஆய்வின் பொருள் அவருடைய வெற்றியைக் கொண்டாடுவது மட்டுமன்று. எதிர்ப்புத்தன்மை என்று நாம் எழுதிவைக்கும் சொல்லுக்கு வயலில் என்ன சான்று வேண்டும் என்பதை இந்த நிகழ்வைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

தப்பித்த செடியும் எதிர்த்த செடியும்

அக்காலத்தில் ஒரு பெயரில் விற்ற பருத்தி விதை பெரும்பாலும் கலப்பாகவே இருந்தது. பருத்தியில் தேனீக்களும் பிற பூச்சிகளும் மகரந்தத்தைக் கடத்துவதால், அருகருகே நிற்கும் ரகங்கள் ஓரளவு கலந்துவிடும். அரவை ஆலையிலும் விதைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எனவே தீய்ந்துபோன வயலின் நடுவே ஆங்காங்கே சில செடிகள் பச்சையாக நிற்பது இயல்பு. அந்தப் பச்சைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். செடியிடம் பூச்சியைத் தடுக்கும் பண்பு இருக்கலாம். அல்லது அந்தச் செடிக்குப் பூச்சியே போதிய அளவு வந்திராமல் இருக்கலாம். பிந்தி முளைத்த செடி, நிழலில் நின்ற செடி, காற்றின் போக்கில் ஒதுங்கிய மூலையில் நின்ற செடி ஆகியவை எதிர்ப்பு ஏதும் இல்லாமலேயே தப்பிவிடும். ஒரு பருவத்துப் பார்வையில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

பிரித்தறியும் வழி எளியது, ஆனால் பொறுமையைக் கேட்பது. பச்சையாக நின்ற ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே எடுத்து, அடுத்த பருவத்தில் தனித்தனி வரிசையாக விதைக்க வேண்டும். தாய்ச்செடி தப்பித்தது மட்டுமே என்றால், அதன் பிள்ளைகள் வரிசை முழுவதும் அண்டை வரிசைகளைப் போலவே தீயும். தாய்ச்செடியிடம் பண்பு இருந்தால் வரிசையின் பெரும்பகுதி பச்சையாக நிற்கும். சில செடிகள் மட்டும் தீய்ந்தால், பண்பு இன்னும் தூய்மையாக நிலைக்கவில்லை என்று பொருள். தத்துப்பூச்சியை விரட்டும் நல்ல மருந்து எதுவும் அன்று விவசாயியிடம் இல்லை. செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வயலுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆகவே பார்பர்டன் வயலில் பூச்சியே சல்லடையாக நின்றது. உகாண்டாவிலிருந்து வந்த விதைத் தொகுதியில் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு உருவானதுதான் யு4 என்ற ரகம். அது தென்னாப்பிரிக்காவோடு நிற்காமல், தென் ஆப்பிரிக்கக் கண்டப்பகுதியின் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் பயிராகவும், பின்வந்த ரகங்களுக்குப் பெற்றோராகவும் விளங்கியது.

சுணையின் பங்கு

தேறிய செடிகளைக் கையில் எடுத்தவர்கள் கவனித்த பொதுப்பண்பு ஒன்று உண்டு. அவற்றின் இலைகள் சொரசொரப்பாக இருந்தன. இலையின் அடிப்புறத்திலும் நரம்புகளின் மீதும் மெல்லிய ரோமம், அதாவது சுணை, அடர்ந்திருந்தது. ஆனால் இரண்டு பண்புகள் ஒன்றாகக் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சுணையுள்ள செடியின் சாறு வேறுபட்டிருக்கலாம், இலைத்தோல் தடித்திருக்கலாம். இதைத் தீர்க்கச் சுணை மிக்கதையும் சுணையற்றதையும் மகரந்தச் சேர்க்கையால் கலப்பினமாக்கி, பண்புகள் பிரிந்து வரும் அடுத்தடுத்த தலைமுறைகளைப் பூச்சியின் முன் நிறுத்திப் பார்ப்பதே உறுதியான வழி. மற்றப் பண்புகள் எப்படிக் கலைந்து பிரிந்தாலும் எதிர்ப்பு சுணையோடு மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தால், காரணம் சுணைதான் என்று நம்பலாம். பார்னெல், கிங், ரஸ்டன் மூவரும் 1949இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, கால் நூற்றாண்டு வேலையின் முடிவாக, எதிர்ப்புக்குச் சுணையின் நீளமும் அடர்த்தியும் இணைந்தே தேவை என்று நிறுவியது. குட்டையான சுணை எவ்வளவு அடர்ந்திருந்தாலும் போதவில்லை; நீண்ட சுணை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலும் போதவில்லை.

ஒரு கைலென்ஸின் வழியே இலையின் நடுநரம்பைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். பெண் பூச்சி முட்டையை இலைப்பரப்பின் மேல் வைப்பதில்லை. வாள் போன்ற முட்டையிடும் உறுப்பால் நரம்பின் திசுவைக் கீறி உள்ளே செருகுகிறது. வழவழப்பான நரம்பில் அது உடலைத் தாழ்த்தி வசதியாக அமர்கிறது. நீண்ட சுணை நெருங்கி நிற்கும் நரம்பிலோ அதன் உடல் திசுவிலிருந்து தள்ளியே நிற்கிறது. முட்டையிடும் உறுப்பு திசுவை எட்டுவதற்கே தடுமாறுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும் நிலைமை அதேதான்: அதன் சிறு உடலுக்குச் சுணைக்காடு நடக்கவும் ஊசிவாயை ஊன்றவும் இடைஞ்சலாகிறது. பயிர் எதிர்ப்பை ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் மூன்றாகப் பகுத்தார்: பூச்சி அந்தச் செடியை விரும்பாமை, செடி பூச்சியின் வளர்ச்சியைக் கெடுத்தல், பூச்சி தின்றாலும் செடி தாங்கிக்கொள்ளுதல். சுணை முக்கியமாக முதல் வகையைச் சேர்ந்தது. இந்த வகைப்பாட்டை ஏட்டுக்காக இங்கே சொல்லவில்லை. எந்த வகை என்பதைப் பொறுத்தே வயலில் எதை எண்ண வேண்டும் என்பது மாறும்.

வயலை அமைப்பதும் எண்ணுவதும்

பூச்சி வராத வயலில் எல்லா ரகமும் எதிர்ப்பு ரகமாகவே தெரியும். களச் சோதனைகள் பிழைபடும் முதல் இடம் இதுவே. பார்பர்டனில் பூச்சி தானாகவே வந்தது. எல்லா இடங்களிலும் எல்லாப் பருவங்களிலும் அப்படி வரும் என்று நம்பியிருக்க இயலாது. அதனால் இன்றைய சோதனை வயல்களில், ஆய்வு ரகங்களின் இடையேயும் சுற்றிலும், தத்துப்பூச்சி விரும்பித் தங்கும் வெண்டையையோ சுணையற்ற பருத்தியையோ சில நாட்கள் முன்கூட்டியே விதைக்கிறார்கள். அங்கே பெருகும் பூச்சி பிறகு ஆய்வு வரிசைகளுக்குப் பரவும். இத்துடன், எளிதில் தாக்கப்படும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் ஒப்பீட்டு ரகத்தை வயல் முழுவதும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். வயலின் ஒரு மூலையில் மட்டும் வைத்தால் பயன் குறைவு. பூச்சி எந்த மூலையிலும் சமமாக வந்து இறங்குவதில்லை. ஒப்பீட்டு ரகம் எங்கெல்லாம் தீய்ந்ததோ அங்கெல்லாம்தான் அதன் அண்டை ரகத்தின் பச்சைக்குப் பொருள் உண்டு.

விதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று வணிகமாக வரும் பருத்தி விதையில் பெரும்பகுதி இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து பூசப்பட்டு, அடையாளச் சாயமும் ஏறி வருகிறது. அந்த மருந்து முளைத்த செடிக்குள் பரவி முதல் சில வாரங்கள் சாறு உறிஞ்சும் பூச்சிகளைக் கொல்லும். மருந்து பூசிய விதையையும் பூசாத விதையையும் ஒரே வயலில் அருகருகே விதைத்துவிட்டு ரகங்களை ஒப்பிடுவது மருந்தையும் மருந்தின்மையையும் ஒப்பிடுவதாகவே முடியும். சோதனைக்கு வரும் எல்லா விதையும் மருந்து பூசாததாக இருக்க வேண்டும் என்பது சிறு நிபந்தனை போலத் தோன்றும். அதைத் தவறவிட்டால் பருவம் முழுவதும் எடுத்த எண்ணிக்கை வீணாகிவிடும்.

எண்ணிக்கையைக் காலை வேளையில், வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. அப்போது பூச்சியின் துடிப்பு குறைவு. ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என மூன்று இலைகளை மெதுவாகத் திருப்பி, குஞ்சுகளை மட்டும் எண்ணுவது வழக்கம். வளர்ந்த பூச்சி பறந்து வந்து இளைப்பாறும் வழிப்போக்கனாகவும் இருக்கலாம். குஞ்சு அங்கேயே பிறந்தது, ஆகவே அது அந்த ரகத்தில் முட்டையிடுதல் நடந்ததற்குச் சான்று. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. செடி நன்றாகத் தீய்ந்த பிறகு பூச்சி அதைவிட்டு அகன்று பசுமையான இலையைத் தேடிப் போய்விடும். அந்த நிலையில் எண்ணுபவர், மோசமாகத் தாக்கப்பட்ட ரகத்தில் குறைந்த பூச்சியையும், தாக்குப்பிடித்த ரகத்தில் அதிகப் பூச்சியையும் பதிவார். இந்தத் தலைகீழ் விளைவைக் கண்டு குழம்பாமலிருக்க, எண்ணிக்கையோடு சேதத்தின் அளவையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

சேதத்தை அளக்க இந்தியாவில் நெடுங்காலமாக ஒரு நான்கு படி முறை வழக்கில் இருக்கிறது. சுருளோ நிறமாற்றமோ இல்லாத செடி முதல் படி. கீழ் இலைகள் சிலவற்றில் மட்டும் சுருளும் விளிம்பு மஞ்சளும் உள்ளது இரண்டாம் படி. செடி முழுவதும் சுருண்டு வளர்ச்சி குன்றியது மூன்றாம் படி. இலைகள் செம்பழுப்பாகித் தீய்ந்து உதிர்வது நான்காம் படி. ஒவ்வொரு படியின் எண்ணையும் அதிலுள்ள செடிகளின் தொகையால் பெருக்கிக் கூட்டி, மொத்தச் செடிகளால் வகுத்தால் அந்த ரகத்தின் சேதக் குறியீடு கிடைக்கும். குறியீடு 1 வரை இருந்தால் எதிர்ப்பு ரகம், 1க்கு மேல் 2 வரை ஓரளவு எதிர்ப்புள்ளது, 3 வரை தாக்கப்படுவது, அதற்கு மேல் மிக எளிதில் தாக்கப்படுவது என்று வகைப்படுத்துவார்கள்.

இந்த முறை பயனுள்ளது. ஆயினும் சராசரி எதை மறைக்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு ரகத்தில் 20 செடிகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 10 செடிகள் முதல் படியிலும் 10 செடிகள் இரண்டாம் படியிலும் இருந்தால் கூட்டுத்தொகை 30, குறியீடு 1.5. வேறொரு ரகத்தில் 15 செடிகள் முதல் படியிலும் 5 செடிகள் மூன்றாம் படியிலும் இருந்தால் கூட்டுத்தொகை அதே 30, குறியீடும் அதே 1.5. அறிக்கையில் இரண்டும் ஓரளவு எதிர்ப்புள்ள ரகங்கள் என்றே எழுதப்படும். உண்மையில் முதலாவது நடுத்தரமான, சீரான ரகம். இரண்டாவதோ வலுவான எதிர்ப்பும் எதிர்ப்பின்மையும் கலந்து கிடக்கும் தூய்மையற்ற விதை. பயிர்ப் பெருக்கத்துக்கு இரண்டாவதே பொன் போன்றது. அந்தப் பதினைந்து செடிகளிலிருந்துதான் பார்னெல் தேடியது போன்ற தாய்ச்செடி கிடைக்கும். குறியீட்டோடு ஒவ்வொரு படியிலும் எத்தனை செடிகள் என்ற விவரத்தையும் அச்சிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எப்போது பார்ப்பது என்பதும் முடிவை மாற்றும். நாற்றுப் பருவத்து இலைகளில் எந்த ரகத்திலும் சுணை குறைவு. ரகத்தின் முழுச் சுணை மேலே வரும் இலைகளில்தான் வெளிப்படும். ஆகவே மிக முன்கூட்டியே பார்த்து ஒரு நல்ல ரகத்தைத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. விதைத்த 30ஆம் நாளிலிருந்து பல முறை பதிவது இந்தக் குறையைத் தீர்க்கும்.

இன்னொரு சிக்கல் பாத்தியின் அளவில் இருக்கிறது. ஒற்றை வரிசைகளாகப் பல ரகங்களை அடுத்தடுத்து வைத்தால் பூச்சிக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடைக்கிறது: சொரசொரப்பான வரிசையைத் தாண்டி வழவழப்பான வரிசையில் போய் அமரும். அதே சொரசொரப்பான ரகம் பரந்த வயலில் தனியாக நிற்கும்போது, போக வேறிடமில்லாத பூச்சி அதையே ஏற்றுக்கொள்ளக்கூடும். விரும்பாமையை அடிப்படையாகக் கொண்ட எதிர்ப்பில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. முதல் கட்டத்தில் ஒற்றை வரிசைகளில் நூற்றுக்கணக்கானவற்றைச் சலித்தெடுத்தாலும், இறுதிக் கட்டத்தில் தேறிய சிலவற்றைப் பெரிய பாத்திகளில் வைத்து, ஒவ்வொன்றையும் மருந்தடித்த பகுதி, அடிக்காத பகுதி என இரண்டாகப் பிரித்து மகசூலை ஒப்பிட வேண்டும். மருந்தில்லாமல் எவ்வளவு இழந்தது என்பதே விவசாயிக்குத் தேவையான விடை. தாங்கும் திறன் என்ற மூன்றாவது வகை எதிர்ப்பு இந்த ஒப்பீட்டில் மட்டுமே வெளிப்படும்.

சுணையின் விலை

சூடானில் ஆர். எல். நைட் 1950களில் சுணைக்குக் காரணமான மரபணுக்களை இனம்கண்டு அவற்றை ரகங்களுக்கு மாற்றும் வேலையைச் செய்தார். அதே நாட்டின் கெசீரா பாசனப் பகுதியில் லாரன்ஸ் மவுண்ட் 1965இல் வெளியிட்ட ஆய்வு, இலைச் சுணைக்கும் வெள்ளை ஈயின் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. தத்துப்பூச்சிக்கு இடைஞ்சலான சுணை வெள்ளை ஈக்கு உகந்ததாகிறது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் வழவழப்பான இலையைவிடச் சுணையுள்ள இலையில் அதிக முட்டைகளை இடுகிறது. உலர்ந்த இலைத்துகள் பஞ்சில் சிக்கிக்கொள்வதும் சுணை மிக்க ரகங்களில் கூடுதல். இயந்திரத்தால் அறுவடை செய்யும் நாடுகள் வழவழப்பான இலையை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது சுணைக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் பூவடிச் செதில்கள் குறுகி முறுக்கிக்கொண்டிருக்கும் ஃப்ரீகோ வகையைக் காய்க்கூன் வண்டுக்கு எதிராகப் பயன்படுத்த முயன்றார்கள். மூடிமறைக்கும் செதில் இல்லாததால் வண்டு அதில் முட்டையிடத் தயங்கியது, ஆனால் செடிநாவாய்ப்பூச்சிகள் அதே செடியை மிகுதியாகச் சேதப்படுத்தின. காசிப்பால் என்ற நச்சுப்பொருளின் சுரப்பிகளை நீக்கி விதையை உணவுக்கு ஏற்றதாக்கிய பருத்தியில், முன்பு பருத்தியைச் சீந்தாத பூச்சிகளும் வந்து மேய்ந்தன. ஒரு பூச்சிக்கு எதிரான சோதனையில் தேறிய ரகத்துக்குப் பூச்சி எதிர்ப்பு ரகம் என்று பொதுப்பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில், எந்த ஒப்பீட்டு ரகத்தோடு என்று முழுமையாக எழுதினால்தான் அந்தச் சொல் விவசாயியை ஏமாற்றாமலிருக்கும்.

பார்பர்டனின் கேள்வி இப்போது புதிய இடங்களில் மீண்டும் எழுந்திருக்கிறது. ஆசியாவைச் சேர்ந்த அம்ராஸ்கா பிகுட்டுலா 2022இல் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. 2023இல் புவேர்ட்டோ ரிக்கோவிலும் 2024இல் ஃப்ளோரிடாவிலும் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில், பஞ்சின் தூய்மைக்காக இலைச் சுணையைக் குறைத்த ரகங்கள் நிற்கும் நிலப்பரப்புக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே இனி நடக்கும் ரகச் சோதனைகள், சுணை மிக்கவற்றையும் நடுத்தரமானவற்றையும் வழவழப்பானவற்றையும் ஒரே வயலில் நிறுத்தி, திருப்பிய அதே இலையில் தத்துப்பூச்சிக் குஞ்சையும் வெள்ளை ஈயின் குஞ்சையும் தனித்தனிக் கட்டங்களில் பதிய வேண்டும். அறுவடையில் பஞ்சின் தூசியளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான ஒப்பீட்டு வரிசைகள் தீயாமல் பச்சையாகவே நின்றுவிட்ட பருவத்தின் எதிர்ப்புத் தரவு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை ரகத் தேர்வுக்கான அறிக்கையில் சேர்க்காமல் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைப்பதே முறை.